கைப்பிடி நெல்

பண்டசோழநல்லூர்
12.11.2024

அன்புள்ள மகாவுக்கு,

அண்ணி செல்வகுமாரி எழுதுகிறேன். இங்கே அத்தை, மாமா, உன் அண்ணன், பாப்பா எல்லாரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி, மழைக்காலம் முடிந்தால்தான் விடும். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அருணாச்சலப் பிரதேச மலையில் குளிர் ஆரம்பித்துவிட்டதா? நான் கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி இருக்கிறதா, இல்லை வழக்கம்போலப் பக்கத்து அறைக்காரிகளுக்குத் தானம் செய்துவிட்டாயா?

ஞாயிற்றுக்கிழமை நீ டவுனுக்கு இறங்கிவந்து போன் பண்ணும்போதே இதைக் கேட்டிருக்கலாம். ஆனால் உன் குரல் வந்ததும் மாமா ஸ்பீக்கரைப் போட்டுக் கூடத்தில் வைத்துவிடுகிறார். தெருவில் போகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். உன் ஆராய்ச்சி நிலையத்தில் சிக்னல் இல்லாதது இந்த ஒரு விஷயத்துக்கு நல்லதாகப் போயிற்று. இது கடிதத்தில் கேட்க வேண்டியது.

பாப்பாவுக்கு ஆதாரில் விலாசம் மாற்றக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தேன். சுவரில் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு என்று ஒரு நோட்டீஸ். தாவரவியலும் இருந்தது. ஜனவரி 31 கடைசி நாள். பாப்பா கையைப் பிடித்து இழுக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மகா, நான் பி.எஸ்ஸி. முடித்துப் பத்து வருஷம் ஆகப்போகிறது. ஐம்பத்தாறு சதவீதம். கெமிஸ்ட்ரியில் இரண்டு அரியர். பாஸ் பண்ணியதே மனப்பாடத்தில்தான். நீ டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள், உனக்குத் தெரியும். எனக்கு அதற்கான மூளை இருக்கிறதா? நாத்தனாராக இல்லாமல் உண்மையைச் சொல்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் காகிதத்தை எறியக் கூடாது என்பது உங்கள் அப்பா போட்ட சட்டம். நான் மருமகள், மீற முடியுமா?

உன் அண்ணி,
செல்வகுமாரி


ஆராய்ச்சி நிலையம்
2.12.2024

என் அருமை அண்ணிக்கு,

மகா வணக்கம் சொல்லி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், அம்மாவிடம் அதை இரண்டு தடவை சொல்லுங்கள். குளிரில் தேங்காயெண்ணெய் கல்லாகிவிட்டது. பருப்புப் பொடியைத் தானம் செய்யவில்லை, திருடிவிட்டார்கள். டவுனில் போன் எடுத்ததும் புயல் செய்தி. அப்பா எல்லாரும் பத்திரம் என்றார், வயலைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினார். நீங்கள் எழுதுங்கள்.

அண்ணி, நீங்கள் கேட்டது ஒரு கேள்வியா? உடனே விண்ணப்பம் போடுங்கள். என்னை டியூஷனுக்கு அனுப்பாமல் பத்தாம் வகுப்பு அறிவியலில் தேற்றிவிட்டது யார்? கல்யாணமாகி வந்த புதிதில், மருதாணி போகாத கையோடு எனக்குச் செம்பருத்திப் பூவை நறுக்கிக் காட்டினீர்கள். அந்தப் பூவில்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன். அந்தக் கை மனப்பாடக் கை இல்லை.

என் வேலை நன்றாகப் போகிறது. இந்த மலையில் மட்டும் விளைகிற ஒரு நெல்லை எடுத்திருக்கிறேன். பதினாறு வீடுகளில் போய் நெல் வாங்கினேன். மொழிபெயர்க்க நிலையத்துச் சமையல்காரர் வந்தார். சில வீட்டில் இரண்டு கிலோ அள்ளிப் பையில் கொட்டினார்கள். சில வீட்டில் கஞ்சத்தனம், ஒரு கைப்பிடியோடு கதவைச் சாத்திவிட்டார்கள். இனி எல்லாவற்றையும் முளைக்கப் போட்டு எத்தனை முளைக்கிறது என்று எண்ண வேண்டும். சுலபமான வேலைதான்.

பாப்பாவுக்கு முத்தம். விண்ணப்பம் போட்டதும் எழுதுங்கள்.

உங்கள் மகா


பண்டசோழநல்லூர்
17.12.2024

அன்பு மகா,

உன் கடிதம் வந்தது, சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம். வயலில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. கீழண்டைத் துண்டு போயிற்று, மேலண்டைப் பயிர் நிமிர்ந்துவிட்டது. மாமா உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் நீ கவலைப்படுவாய் என்பதுதான். இந்த வீட்டில் எல்லாரும் ஒருவருக்கொருவர் நல்ல செய்தி மட்டும் சொல்லும் ஜாதி.

பரணிலிருந்து என் பழைய புத்தகங்களை இறக்கினேன். ஒரு பக்கம் படிக்க மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் முதல் பத்தி மறந்துவிட்டது. உன் அண்ணனிடம் சொன்னேன். சேதராப்பட்டுக் கம்பெனியிலிருந்து ஷிப்ட் முடித்து வந்த களைப்பில், "இப்ப இன்னாத்துக்கு இது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை. காலேஜில் இரண்டாம் வருஷம், வேரைப் பற்றி வகுப்பு. நான் எழுந்து, "தண்ணியிலயே நிக்குற நெல்லு வேரு ஏன் சார் அழுகிப் போவறதில்ல? மத்த செடின்னா அழுவிடுதே" என்று கேட்டேன். எங்கள் திருக்கனூர்ப் பேச்சு அப்படியே வந்துவிட்டது. அவர், "இது காலேஜும்மா, களத்துமேடு இல்ல" என்றார். வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காமலே மூன்றாம் வருஷம் முடித்துவிட்டேன்.

அவர் சொன்னது தப்பு என்று நீ எழுதுவாய். எனக்கும் தெரியும். ஆனால் பத்து வருஷமாக அந்தச் சிரிப்பு சரியான சிரிப்பாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் போகவில்லை. விண்ணப்பம் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் மீதியை நிரப்புவேன்.

காதுக்கு மப்ளர் கட்டிக்கொள்.

அண்ணி


ஆராய்ச்சி நிலையம்
3.1.2025

அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். எழுத வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது, பழைய பிரிண்ட் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள், மகிழ்வார்.

எம்.எஸ்ஸி. விஷயம் யோசித்தேன். எல்லாரும் மேலே படித்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை அண்ணி. வெளியிலிருந்து பார்க்கும்போது தெரிகிற மாதிரி இல்லை இது. உள்ளே வந்தபிறகு நமக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும்தான் தெரிகிறது. நீங்கள் பாப்பா, வீடு, வயல் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். அடுத்த வருஷம்கூடப் பார்க்கலாம்.

இங்கே வேலை அதிகம். ஞாயிறு போன் பண்ண முடியாவிட்டால் அம்மா பயப்பட வேண்டாம்.

மகா


பண்டசோழநல்லூர்
17.1.2025

மகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பொங்கல் நல்லபடியாக நடந்தது. அத்தைக்கு முழங்கால் பரவாயில்லை.

நீ சொன்னது சரி. விட்டுவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

செல்வகுமாரி


பண்டசோழநல்லூர்
27.1.2025

என் கண்ணு மகா,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. அது கோபத்தில் எழுதியது. நீ ஒருத்தியாவது சரி என்று சொல்லுவாய் என்று நினைத்தேன், அந்தக் கோபம். இப்போது கோபம் இல்லை. இங்கே எல்லாரும் நலம், உன்னைத் தவிர. ஆமாம், உன்னைத்தான் சொல்கிறேன்.

பாப்பா கணக்குப் போடத் தாள் கேட்டாள். உன் கடிதத்தின் மறுபக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று திருப்பினேன். நீ எதன் பின்பக்கத்தில் எழுதினாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? ஒரு அட்டவணை. மேலே உன் பெயர். பக்கமெல்லாம் சிவப்பு மை. இங்கிலீஷில் இருந்தால் அண்ணி படிக்கமாட்டாள் என்று நினைத்தாயோ, இல்லை எதையுமே நினைக்கிற நிலையில் நீ இல்லையோ தெரியவில்லை.

எட்டு நாளாக அதைப் படித்தேன். அகராதி ஒரு கையில், கரண்டி மறு கையில். சிவப்பு மையில் உன் பேராசிரியர் எழுதியிருப்பது எனக்குப் புரிந்தவரை இது: இந்த எண்களை நம்ப முடியாது, இந்த அத்தியாயத்தைக் கைவிடு, ஆராய்ச்சியைத் தொடர உனக்கு விருப்பம் இருக்கிறதா என்று யோசி. இதைச் சுமந்துகொண்டா எனக்கு நிம்மதியைப் பற்றி எழுதினாய்? வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அப்புறம் எண்களைப் பார்த்தேன். பதினாறு வீட்டு நெல். பத்து வீட்டு நெல் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முளைத்திருக்கிறது. ஆறு வீட்டு நெல் இருபதுகூடத் தாண்டவில்லை. நடுவில் எதுவுமே இல்லை. மழையில் நனைந்து கெட்ட விதை அறுபது முளைக்கும், ஐம்பது முளைக்கும். இப்படி ஒன்று உயிரோடும் ஒன்று செத்தும் கிடந்தால் அது ஒரே பண்டம் இல்லை, இரண்டு பண்டம்.

பக்கத்திலேயே எத்தனை வாங்கினாய் என்று இன்னொரு கட்டம். முளைக்காத ஆறில் ஐந்து, இரண்டு கிலோ கொடுத்த வீடுகள். நன்றாக முளைத்த பத்தும் கைப்பிடி கொடுத்த வீடுகள். நீ கஞ்சர்கள் என்று எழுதினாயே, அவர்கள்.

மகா, நீ போய் நெல் கேட்டாயா, விதைநெல் கேட்டாயா?

நம் வீட்டில் அத்தையிடம் யாராவது நெல் கேட்டால் மூட்டையிலிருந்து மரக்காலால் அளந்து கொட்டுவாள். விதைநெல் என்றால் பானையைத் திறந்து ஒரு கை எடுப்பாள், அதற்கும் முகத்தைச் சுளிப்பாள். விதையை யாரும் அள்ளிக் கொடுக்கமாட்டார்கள். சாப்பாட்டு நெல்லை நாம் புழுக்குகிறோம். புழுக்கிய நெல் முளைக்குமா? உன் மலையில் புழுக்குகிறார்களா, வேறு ஏதாவது செய்கிறார்களா, எனக்குத் தெரியாது. போய்க் கேள்.

பதினோராவது வீடு மட்டும் எனக்குப் புரியவில்லை. கைப்பிடிதான் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் முளைக்கவில்லை. அந்த இடத்தில் என் கணக்கு உதைக்கிறது. ஒருவேளை முழுக்கவே தப்பாக இருக்கலாம். களத்துமேட்டுப் பேச்சுதான்.

தப்பாக இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நீ திரும்பி வந்தாலும் இந்த வீட்டில் உன் தட்டு உன் தட்டுதான். ஆனால் அந்த வீடுகளில் கேட்காமல் வந்துவிடாதே.

உன் அண்ணி


ஆராய்ச்சி நிலையம்
28.2.2025

என் அண்ணிக்கு,

நான் நலமில்லாமல் இருந்தேன், இப்போது நலம். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடிதம் வந்த அன்று என் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. விலகல் கடிதம் டைப் செய்து தேதி மட்டும் போடாமல் வைத்திருந்தேன். இரண்டு வருஷமாக இங்கே ஒவ்வொரு நாளும், இன்றைக்கு யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்றுதான் எழுந்திருக்கிறேன். எதைக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டால், எனக்கு மூளை இல்லை என்பதை. உங்களுக்கு எழுதியது உங்களைப் பற்றி இல்லை அண்ணி. என்னைப் பற்றி. உங்களிடம் ஏதும் குறை இருந்து நான் அப்படி எழுதவில்லை. மன்னியுங்கள்.

பெட்டியை அப்படியே வைத்துவிட்டுச் சமையல்காரரைக் கூட்டிக்கொண்டு மறுபடி பதினாறு வீடும் ஏறினேன். இரண்டு கிலோ கொடுத்த முதல் வீட்டம்மா நான் கேட்டதும் சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின. "நெல்லு கேட்ட, நெல்லு கொடுத்தோம். சமைச்சுத் திங்கத்தான் கேக்கிறேன்னு நினைச்சோம்" என்றாராம். குத்துவதற்கு முன் சாப்பாட்டு நெல்லை அடுப்புக்கு மேலே மூங்கில் தட்டில் வைத்து நாள்கணக்கில் சூடேற்றுகிறார்கள். பார்த்தால் பச்சை நெல் மாதிரியே இருக்கும். விதைநெல் தனியாகச் சுரைக்குடுவையில், அடுப்புப் பக்கமே வராது. கைப்பிடி கொடுத்தவர்கள், படிக்கிற பெண் கேட்கிறாள், விதைக்குத்தான் இருக்கும் என்று அவர்களாகவே நினைத்து விதையை எடுத்திருக்கிறார்கள்.

பதினோராவது வீட்டில் அந்த வருஷம் விதையும் இல்லை. சாப்பாட்டு நெல்லே கொஞ்சம்தான் இருந்தது. அதிலிருந்து ஒரு கைப்பிடி கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் அவர்களையும் கஞ்சர்கள் என்றுதான் உங்களுக்கு எழுதினேன்.

நெல் விளையும் வீட்டில் பிறந்து இது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று யோசித்தேன். "அது படிக்கிற புள்ள, அதக் களத்துக்கு இழுக்காத" என்று அப்பா அம்மாவைத் திட்டுவார். விதைப் பானையை நான் தொட்டதே இல்லை.

விதைநெல்லை மட்டும் வாங்கி மறுபடி போட்டிருக்கிறேன். நான் காட்டியதும் பேராசிரியர் அட்டவணையில் அந்த ஆறு வீட்டையும் சுழித்தார். பிறகு, "இதை யார் பார்த்தது?" என்றார். என் அண்ணி என்றேன். எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். பண்டசோழநல்லூரில் என்றேன். அது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்கவில்லை, நல்லவேளை.

ஆனால் அண்ணி, ஜனவரி 31 போய்விட்டது. என் கடிதம்தான் அதைக் கெடுத்தது. அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

மகா


பண்டசோழநல்லூர்
25.3.2025

அன்பு மகா,

எல்லாரும் சுகம். நீயும் சுகமாகச் சாப்பிடு, பெட்டியை அவிழ்த்துத் துணியை மடித்து வை.

உன் பதில் வரும்வரை காத்திருந்தேன் என்றா நினைத்தாய்? 31ஆம் தேதி மத்தியானம் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து அனுப்பிவிட்டேன். என் கணக்கு சரியா தப்பா என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த எட்டு நாள், ஒரு வார்த்தையும் புரியாத நாளில்கூட அந்தத் தாளை மூடிவைக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு மூளை இருக்கிறதா என்று உன்னைக் கேட்டேன் இல்லையா? அந்த எட்டு நாளில் அந்தக் கேள்வியே எனக்கு நினைவு வரவில்லை. அதுபோதும் என்று அனுப்பிவிட்டேன்.

பரீட்சையும் எழுதியாயிற்று. புதுச்சேரியில் சென்டர். வாசலில் ஒரு பையன் ஓடிவந்து, "மேடம், என் ரூம் எங்க இருக்குது?" என்றான். பரீட்சை நடத்த வந்தவள் என்று நினைத்திருக்கிறான். நானும் பட்டியலில் தேடிச் சொல்லிவிட்டு, அவனுக்குப் பின்னாலேயே போய் அடுத்த வரிசையில் உட்கார்ந்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இருபது கேள்விக்கு மேல் விட்டுவிட்டேன். கிடைக்கும் என்று தோன்றவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் இது வேறு பயம்.

உன் அண்ணன் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நான்கு மணி நேரம் நின்றார். வெளியே வந்ததும், "பசிக்குதா?" என்றார். அவ்வளவுதான்.

அண்ணி


ஆராய்ச்சி நிலையம்
30.5.2025

அண்ணிக்கு அன்பு முத்தங்கள்,

நான் சுகம். இங்கே மழை தொடங்கிவிட்டது, துணி காய்வதில்லை. விதைநெல் பதினைந்து வீட்டிலும் எண்பத்தைந்துக்கு மேல் முளைத்திருக்கிறது. அத்தியாயம் உயிரோடு இருக்கிறது. ஆனால் பேராசிரியர் இப்போது மூன்றாவது அத்தியாயத்தில் சிவப்பு மை பூசுகிறார். ராத்திரி பழைய பயம் வந்து உட்காருகிறது. முன்பெல்லாம் தனியாக உட்கார்ந்திருப்பேன், இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

நன்றி சொல்லும் பக்கத்தில் உங்கள் பெயரைப் போடுகிறேன், மறுக்கக் கூடாது. தேர்வு முடிவு வந்ததா? வந்திருந்தால் ஏன் எழுதவில்லை? வீட்டில் நல்ல செய்தி மட்டும் சொல்லும் ஜாதி என்று நீங்கள்தானே சொன்னீர்கள். எதுவானாலும் எழுதுங்கள்.

மகா


பண்டசோழநல்லூர்
8.7.2025

மகாவுக்கு,

எல்லாரும் நலம். முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அதனால்தான் எழுதவில்லை, நானும் இந்த வீட்டு மருமகள்தானே. மூன்றாவது பட்டியலில் கடைசியிலிருந்து இரண்டாவது பெயர் நான். கடைசிப் பெயர்க்காரி யாரோ, அவளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவளைக் கண்டுபிடித்து சிநேகம் பிடிக்க வேண்டும்.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எத்தினி வருசம்?" என்றார். இரண்டு என்றேன். "ரெண்டு கரும்பு வெட்டுக்குள்ள முடிஞ்சிடும், போ" என்றார். அத்தைதான் அழுதாள். ஏன் என்று கேட்டால், "வெதப் பானய இனிமே யார்டீ பாத்துக்குவா?" என்கிறாள். நீ லீவில் வந்து கற்றுக்கொள்வாய் என்று சொல்லிவிட்டேன். வா.

உன் அண்ணன் சூப்பர்வைசரிடம் பேசி முதல் ஷிப்டையே நிரந்தரமாக வாங்கிக்கொண்டார். சாயங்காலம் பாப்பா அவரோடு இருப்பாள். அவர் எதையும் வாயால் சொல்கிறவர் இல்லை, உனக்குத் தெரியும்.

அண்ணி


பண்டசோழநல்லூர்
21.9.2025

என் செல்ல மகா,

நாங்கள் எல்லாரும் சுகமாக இருக்கிறோம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்தது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ், பஸ்ஸில்தான் படிப்பு. வகுப்பில் பாதிப்பேர் என்னை அக்கா என்கிறார்கள், பாதிப்பேர் இன்னும் மேடம் என்கிறார்கள். மூன்றாம் பட்டியலின் கடைசிப் பெயர்க்காரி கிடைத்துவிட்டாள். பெயர் அமிர்தம், பாகூர்ப் பக்கம். இரண்டு பேரும் ஒரே பெஞ்சு.

போன மாதம் நான் எழுந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்டேன். நெல் வேர் தண்ணீரில் ஏன் அழுகுவதில்லை என்று. அதே வார்த்தையில், அதே பேச்சில். யாரோ பின்னால் லேசாகச் சிரித்தார்கள். பேராசிரியர் அம்மா கரும்பலகையில் வேரை வரைந்து, உள்ளே காற்றுப் போகிற வழிகளைக் காட்டினார். "இவ்வளவுதான் எனக்குத் தெரியும், மிச்சத்தை நீங்க படிச்சுட்டு வந்து எங்களுக்குச் சொல்லுங்க" என்று இரண்டு கட்டுரை கொடுத்தார். அமிர்தம் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷம் மகா. ஒரு வேருக்குள் காற்று போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன், கண்டக்டர் சில்லறை கேட்கக்கூட இல்லை.

ஜனவரியில் உன் தாளைத் திருப்பித்தான் நீ மறைத்ததை நான் கண்டுபிடித்தேன். அந்தச் சிரமத்தை உனக்கு வைக்கவில்லை. நான் எதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன் என்று திருப்பிப் பார். என் முதல் பரீட்சைத் தாள். இருபத்தைந்துக்குப் பதினொன்று. சிவப்பு மை ஏராளம். உன் அண்ணன் பார்த்துவிட்டு, "இவ்ளோ எழுதியிருக்காங்களே, அப்ப முழுசாப் படிச்சிருக்காங்க" என்றார்.

வேர்க் கேள்வியில் மட்டும் ஐந்துக்கு ஐந்து. மூன்றாவது கேள்வி எங்கே தப்பு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நீயும் எட்டு நாள் எடுத்துக்கொள். பார்த்துவிட்டு எழுது.

உன் அண்ணி,
செல்வகுமாரி,
எம்.எஸ்ஸி. முதலாண்டு